விபுலானந்தரின் ஆராய்ச்சி 1931இல்தானா தொடங்கியது?
அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரான 1931இல்தான் ஈழத்துத் தமிழறிஞர் சுவாமி விபுலானந்தரின் ஆராய்ச்சி வாழ்க்கை தொடங்கியது, அதற்கு முன் அவர் பள்ளிக்கூட நிர்வாகி மட்டுமே என்று இங்கே வந்திருக்கும் கட்டுரை சொல்வதைத் திருகோணமலைக்காரனான என்னால் ஏற்க முடியவில்லை. இங்கே இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்திய 1920களிலேயே ஷேக்ஸ்பியர் நாடகங்களை நம் நாடக இலக்கணத்தோடு வைத்துப் பார்த்த ‘மதங்க சூளாமணி’ வந்துவிட்டது. மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டமோ 1916இலேயே வாங்கியது. பதவி வந்த பிறகுதான் ஒருவர் அறிஞர் என்றால் என்ன சொல்ல! மேலே பின்னூட்டத்தில் ஒரு நண்பர், விஞ்ஞானம் படித்தவருக்குச் சிலப்பதிகாரத்தில் என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். அந்தப் படிப்புதானே கைகொடுத்தது? பழந்தமிழ் இசையைப் பற்றி அவர் எழுதிய ‘யாழ் நூல்’ என்ற புத்தகத்தின் பழைய பிரதி ஒன்று எங்கள் அப்பாவிடம் உண்டு, அட்டை கழன்று கயிற்றால் கட்டி வைத்தது. தமிழிசை நூல் என்று சின்ன வயதில் ஆசையாகத் திறந்தால் உள்ளே பின்னங்களும் கணக்குமாகக் கிடக்கும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதை வரிகளை வைத்துக்கொண்டு நரம்புக்கும் சுரத்துக்கும் கணக்குப் போட, தமிழ் மட்டும் படித்தவரால் ஆகியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். அப்புறம், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானதைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிப் போவதும் சரியில்லை.