அசிஸ்ட் கணக்கில் ஒரு திருத்தம்
அண்ணே, என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) வீரர்களைப் பற்றி "அசிஸ்டில் மேஜிக் ஜான்சனைவிட ஜான் ஸ்டாக்டன் 5,000-க்கு மேல் முன்னால் இருக்கிறார், பாஸ் கொடுப்பதில் மேஜிக் கிட்டவே வர முடியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அசிஸ்ட் என்றால் சக வீரர் கூடை போட வழிசெய்யும் பாஸ். ஸ்டாக்டன் 15,806, மேஜிக் 10,141 என்ற எண்கள் சரி. முடிவுதான் தவறு.

ஸ்டாக்டன் 19 சீசனில் 1,504 ஆட்டங்கள் ஆடினார். மேஜிக் ஆடியது 906. எச்ஐவி தொற்று தெரியவந்து 1991 நவம்பரில் விலகினார். அப்புறம் 1996-இல் திரும்பி வந்து ஆடியது 32 ஆட்டங்கள்தான். ஆட்டத்துக்கு எத்தனை என்று வகுத்துப் பாருங்கள்: மேஜிக் 11.2, ஸ்டாக்டன் 10.5. என்பிஏ வரலாற்றிலேயே முதலிடம் அந்த 11.2-க்குத்தான்.

ஸ்டாக்டனைக் குறைத்துச் சொல்லவில்லை. 19 சீசனில் 17-இல் ஒரு ஆட்டத்தைக்கூட அவர் தவறவிடவில்லை. அந்த உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். 3,265 ஸ்டீல்களும் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது) அவர் சாதனைதான். ஆனால் நீண்ட காலம் ஆடியது வேறு, ஒவ்வொரு ஆட்டத்திலும் அதிகம் கொடுத்தது வேறு.

ரேஸ்கோர்ஸ் பக்கம் காலையில் எங்களோடு ஆட வரும் பசங்களும் மொத்தக் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு இதையே சொல்கிறார்கள், அதனால்தான் எழுதினேன். என்னைக் கேட்டால் சிறந்த பாயின்ட் கார்ட் (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்) மேஜிக்தான். ஸ்டாக்டனுக்கு ஓட்டுப் போடுவதென்றால் தாராளமாகப் போடுங்கள். இந்தக் காரணத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் அண்ணே.