போன் பேர் சொல்லிடும், சரி. அந்தப் பேருக்கு யார் ஜாமீன்?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் நடந்த அந்தக் கூட்டத்து வீடியோவை ஆளாளுக்கு அனுப்பிட்டீங்க. பார்த்துட்டேன், இனிமே அனுப்ப வேண்டாம். "போனை நீட்டினா செடியோட பேர் வந்துடுது, அப்புறம் எதுக்குங்க இதுக்கு ஒரு பிஎச்டி?" மேடையில் ஒரு செடி ஆப்காரர் கேட்டதும் அரங்கமே சிரிக்குது. பக்கத்து நாற்காலியில் இருந்த தாவரவியல்காரரும் மரியாதைக்குச் சிரிச்சு வைக்கிறார். கேட்டவரை விடுங்க, அவருக்கு ஆப் விக்கணும். கைதட்டினதுல பாதிப் பேர் நம்ம தமிழ் ஆளுங்க, அதனாலதான் இதைத் தமிழில் எழுதறேன்.

முதலில் ஒண்ணு. செடிக்குப் பேர் சொல்றது தாவரவியல்காரரோட வேலையில் கடைசிப் படி. அந்தப் பேருக்கு ஆதாரம் சேர்த்து வைக்கிறதுதான் வேலையே.

ஆதாரம்னா காய்ந்த கிளை. ஏறக்குறைய ஒவ்வொரு தாவர இனத்தோட பேரும் எங்கேயோ ஒரு ஹெர்பேரியத்தில், அதாவது காய்ந்த செடிகளைச் சேர்த்து வைக்கிற இடத்தில், இருக்கிற ஒரு ஷீட்டோட கட்டுப்பட்டிருக்கு. ஷீட்னா காய்ந்த கிளையை ஒட்டின தாள். பேருக்கு மூலமான அந்த மாதிரியை டைப் ஸ்பெசிமன்னு சொல்வாங்க. பெங்களூருல சைட் வாங்கினவங்களுக்கு நான் விளக்க வேண்டாம், மூலப் பத்திரம் இல்லாத மனைக்கு என்ன மதிப்போ அதே மதிப்புதான் டைப் இல்லாத பேருக்கும். வெறும் போட்டோவை வெச்சுக்கிட்டு ஒரு புது மரத்துக்குப் பேர் வைக்க விதியில் இடமே கிடையாது. டைப் எந்த ஹெர்பேரியத்தில் இருக்குன்னு 1990-லிருந்து பேரோட எழுதியாகணும். நம்ம தென்னிந்தியச் செடிகள் பலவற்றோட டைப் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவிலும் எடின்பரோவிலும் கிடக்கு. அதைப் பார்க்க அலைஞ்சே ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பாதி வயசு போகுது, அது தனிக் கதை.

"சும்மா ஒரு கிளையை ஒடிச்சுக் காய வைக்கிறதுதானே?" இதையும் கேட்பாங்க.

சரி, ஜூலை மாசம், மழை கொட்டுற கர்நாடகா ஆகும்பேயில் காய வெச்சுக் காட்டுங்க. பூவோ காயோ உள்ள கிளை வேணும், வெறும் இலை உதவாது. 42-க்கு 28 சென்டிமீட்டர் ஷீட்டில் அடங்கணும். வெட்டினதும் முதல் வேலை, நம்பர் போட்ட டேக் கட்டுறது. சாயங்காலம் பார்த்துக்கலாம்னு விட்டா எது எந்த மரம்னு குழம்பிடும். செய்தித்தாள் மடிப்புக்குள்ள வைக்கும்போது ஒண்ணு ரெண்டு இலையாவது அடிப்பக்கம் மேலே தெரியுற மாதிரி திருப்பி வைக்கணும், ஏன்னா ரோமமும் நரம்பும் அங்கேதான். நடுநடுவே ப்ளாட்டிங் பேப்பர் வெச்சு, பிரஸ்ஸில் பெல்ட் போட்டு இறுக்கணும். முதல் தாளை ஒரு நாளுக்குள்ள மாத்தணும், அப்புறம் காயும் வரை தினமும். மாத்தலைன்னா இலை கறுக்கும், பூஞ்சை பிடிக்கும். சில மரங்களில் இலையெல்லாம் காம்போட கழண்டு கொட்டி, கையில் குச்சி மட்டும் நிக்கும். அவசரப்பட்டு அடுப்புச் சூட்டில் காட்டினா அப்பளமா நொறுங்கும்.

அடைமழையில் தாள் மாத்திக் கட்டுப்படியாகாது. அப்போ செய்தித்தாள் கட்டை அப்படியே பாலிதீன் பையில் போட்டு, அறுபது எழுபது சதவீத ஆல்கஹாலை ஊத்தி, காத்துப் போகாம கட்டிக் கொண்டுவந்து ஊரில் காய வைக்கணும். ஆனா ஆல்கஹால் நிறத்தைத் தின்னுடும், டிஎன்ஏவையும் கெடுக்கும். அதனால டிஎன்ஏவுக்கு ஒரு துண்டு இலையை முன்னாடியே ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல்லில் போட்டுடணும். பூவின் நிறம், வாசனை, மரத்தின் உயரம், பட்டை, வெட்டினா வடியுற பால், இது எல்லாத்தையும் அந்த இடத்திலேயே நோட்டில் எழுதணும். குடம்புளி வகையான கார்சினியாவில் மஞ்சள் பால், ஜாதிக்காய்க் குடும்பத்தில் சிவப்பு. காய்ந்த ஷீட்டில் இதெல்லாம் தெரியாது. அட்டைக்கடியோட, நனைஞ்ச நோட்டில், பென்சிலால்தான் எழுதணும். பேனா மை கரைஞ்சுடும்.

முப்பது மீட்டர் உயரத்தில் பூக்கிற மரத்துக்கு என்ன செய்வீங்க? உண்டிக்கோலில் நைலான் கயிறு எய்து கிளையை இழுக்கணும், இல்லைன்னா மரம் ஏறத் தெரிஞ்ச உள்ளூர் ஆளைக் கூட்டிப் போகணும். 1930-களில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் கார்னர்ங்கிற தாவரவியல்காரர் இதுக்குக் குரங்கு பழக்கினார். மேலே ஏறிக் கிளையை ஒடிச்சுக் கீழே போடும். அந்தக் குரங்குக்கு இருந்த மரியாதை கூட அன்னைக்கு அந்த மேடையில் இல்லை.

ஆப் உதவாதுன்னு நான் சொல்லலை. கப்பன் பார்க்கில் ரோஸ் நிறத்தில் பூத்து, வருஷா வருஷம் "பெங்களூரு செர்ரி ப்ளாசம்"னு ரீல் போடுறீங்களே, அந்த தபேபுயாவை ஆப் சரியாச் சொல்லும். குல்மொஹர், ஜகரண்டா, தூங்குமூஞ்சி மரம் எல்லாம் சொல்லும். உலகம் பூரா லட்சக்கணக்கில் படம் எடுத்த மரங்கள். காட்டுக்குள்ள லவங்கப்பட்டைக் குடும்பத்து மரம் ஒண்ணு நிக்குது, அதுக்கு நீட்டிப் பாருங்க. இலையெல்லாம் ஒரே அச்சு. பூ சில மில்லிமீட்டர்தான். மகரந்தப் பை ரெண்டு அறையா நாலு அறையான்னு லென்ஸில் பார்த்தாத்தான் அந்தக் குடும்பத்து லிட்சியா பேரினமா லிண்டேரா பேரினமான்னே பிரிக்க முடியும். ஆண் மரம் வேற, பெண் மரம் வேற. போன் இங்கே யூகம்தான் சொல்லும், அதுவும் தைரியமாச் சொல்லும்.

"ஏஐ கத்துக்கும் சார்." யார்கிட்டேருந்து? ஒரு ஆள் பேர் எழுதி வெச்ச படத்திலேருந்துதானே?

"டிஎன்ஏ பார்கோடு இருக்கே." இருக்கு, டிஎன்ஏவில் ஒரு துண்டைப் படிச்சு இனத்தைக் கண்டுபிடிக்கிறது. உங்க சாம்பிளை எதோட ஒப்பிடுவீங்க? ஏற்கெனவே பேர் தெரிஞ்ச ஒரு ஷீட்டிலேருந்து எடுத்த வரிசையோட. அந்த ஷீட்டில் பேர் தப்பா இருந்தா தப்பு டேட்டாபேஸ் முழுக்கப் பரவும். திரும்பவும் அதே இடத்துக்குத்தான் வரணும்: ஷீட், லேபிள், அதைப் பார்த்த கண்.

"பேர் தப்பானா என்ன குடியா முழுகிடும்?" 2021-ல் மும்பையில் சீந்தில் சாப்பிட்டவங்களுக்குக் கல்லீரல் கெட்டுதுன்னு டாக்டர்கள் எழுதினாங்க. அவங்க சாப்பிட்டது சீந்திலே இல்லை, அதோட பங்காளிச் செடியா இருக்கலாம்னு ஆயுஷ் தரப்பு சொன்னது. அந்தப் பங்காளியோட தண்டில் முண்டு முண்டா நிறைய இருக்கும். கொடியா இருந்தா கையிலே பிடிச்சே சொல்லிடலாம், பொடியாக்கினப்புறம் எந்தக் கேமரா சொல்லும்? பறிச்ச அன்னைக்கே ஒரு கிளையை ஷீட்டாக்கி வெச்சிருந்தா அந்தச் சண்டைக்கே இடமில்லை. பேர்தானேன்னு சிரிச்சீங்களே!

செடியைப் பறிக்கலாமான்னு கேட்கிற இயற்கை ஆர்வலர்களுக்கு: ஒரு கிளைதான். ரோட்டை அகலப்படுத்துறவங்ககிட்டப் போய் இதைக் கேளுங்க.

இப்போ வயித்துப் பாட்டுக்கு வருவோம். 2023-லிருந்து ஆராய்ச்சி மாணவருக்கான மாச உதவித்தொகை, ஜேஆர்எஃப், 37,000 ரூபாய்; ரெண்டு வருஷம் கழிச்சு எஸ்ஆர்எஃப் 42,000. அதுவும் நெட் தேர்வு பாஸ் பண்ணினவங்களுக்கு. மாசக்கணக்கில் தாமதமா வர்றது யாருக்கும் புதுசில்லை. வனத்துறை அனுமதிக்குக் காத்திருக்கிறதுக்குள்ள அந்த வருஷத்துப் பூ முடிஞ்சுடும், அப்புறம் அடுத்த வருஷம்தான். புது இனத்தை விவரிச்சு எழுதினா இம்பாக்ட் ஃபேக்டர் (கட்டுரை வந்த இதழோட மதிப்பெண்) கம்மின்னு இன்டர்வியூவில் தள்ளிடுவாங்க. கல்யாண வீட்டில் "என்ன வேலை?"ன்னு கேட்டு, பதிலைக் கேட்டதும் "நர்சரியா?"ன்னு முடிச்சுடுவாங்க. "ஆசைப்பட்டுத்தானே வந்தீங்க"ன்னு கமென்ட் போடப் போறவருக்கு: ஆசைப்பட்டு கோடிங் படிச்சவங்களுக்கு மட்டும் ஏன் சம்பளம்?

தாவரவியலாளர் ஜானகி அம்மாள் இருந்தாங்களே. கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி, அப்புறம் இங்கிலாந்து, 1945-ல் டார்லிங்டனோட சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் அட்லஸ். அரசோட தாவர ஆய்வு அமைப்பான பொட்டானிக்கல் சர்வேயைச் சீரமைக்க நேரு கூப்பிட்டு 1951-ல் திரும்பி வந்தாங்க. 1984-ல் மதுரவாயலில் காலமானாங்க. மதுரவாயல்னா நமக்கு டோல் பிளாசாதான் ஞாபகம். பெங்களூரிலேயே செயின்ட் ஜோசப்ஸ் காலேஜில் ஃபாதர் சல்டானா ஒரு மாவட்டத்தை எடுத்துக்கிட்டு, தாவரவியலாளர் நிக்கல்சனோட சேர்ந்து 1976-ல் ஹாசன் மாவட்டத் தாவரங்களுக்கு ஒரு நூலே கொண்டுவந்தார். அவர் சேர்த்த ஷீட் தொகுப்பு இன்னைக்கு பெங்களூரு ஐஐஎஸ்சி-யில் (இந்திய அறிவியல் கழகம்) இருக்கு. கைதட்டினவங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? தினமும் அந்தக் காம்பவுண்டைத் தாண்டித்தான் ஆபீஸ் போறாங்க.

அந்த ஷீட்டுகளும் சும்மா கிடக்காது. சிகரெட் வண்டு நுழைஞ்சா பூவைத்தான் முதலில் தின்னும். முன்னே மெர்குரிக் குளோரைடு பூசுவாங்க, அது விஷம், பழைய ஷீட்டை இன்னைக்கும் கையுறை போட்டுத்தான் தொடணும். இப்போ மைனஸ் 20 டிகிரி ஃப்ரீஸரில் சில நாள் வைக்கிறாங்க. அந்த ஃப்ரீஸருக்குக் கரன்ட் பில் கட்ட, உதிர்ந்த பூவைப் பொறுக்கி ஷீட் ஓரத்துக் கவரில் போட ஒரு ஆள் வேணும். அந்த ஆள் ரிட்டையர் ஆனா போஸ்டை நிரப்ப மாட்டேங்கிறாங்க. ஸ்டார்ட்-அப்புக்கு மட்டும் ஃபண்டிங் வருது.

இதைப் படிச்சிட்டும் எனக்குச் செடி படம் அனுப்பத்தான் போறீங்க, தெரியும். அனுப்புறதுன்னா முழுச் செடி, இலையின் ரெண்டு பக்கம், இலை தண்டில் சேர்ற இடம், பூ முன்னாலேயும் பக்கவாட்டிலேயும், காய் இருந்தா குறுக்கே வெட்டி, பக்கத்தில் ஒரு ஸ்கேல், எந்த ஊர், எந்த மாசம். ஒத்தை இலையை டைனிங் டேபிளில் வெச்சு எடுத்த படத்துக்குப் பதில் வராது. கமென்ட்டில் அந்தப் பேச்சாளர் பேரைப் போடாதீங்க, போட்டா எடுத்துடுவேன்.