கத்தேயுரா பிள்ளைகள் "தாங்களாகவே" கற்கவில்லை

"பராகுவே குப்பைமேட்டுப் பிள்ளைகள் தாங்களே குப்பையில் வயலின் செய்து, யாரும் சொல்லித்தராமல் ஆர்க்கெஸ்ட்ரா ஆனார்கள்" என்று ஒரு பதிவில் எழுதியிருப்பது தவறு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உழைத்த இருவரை இது அப்படியே மறைத்துவிடுகிறது.

பராகுவேயின் தலைநகரான அசுன்சியோனின் குப்பைக்கிடங்கான கத்தேயுராவுக்கு 2006-இல் மறுசுழற்சித் திட்ட வேலைக்காக வந்தவர் ஃபாவியோ சாவேஸ். அவர் இசைக்கலைஞரும்கூட. முதலில் தன்னிடமிருந்த கருவிகளைக் கொடுத்தே சொல்லித்தந்தார். பிள்ளைகள் பெருக, கருவி போதவில்லை. நல்ல வயலின் விலை அங்கே ஒரு வீட்டின் மதிப்பைவிட அதிகம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பவும் முடியாது, திருடுபோய்விடும்.

அப்போதுதான் கோலா என்கிற நிக்கோலஸ் கோமெஸ் வந்தார். குப்பை பொறுக்கிப் பிழைத்தவர், தச்சுவேலை தெரிந்தவர். எண்ணெய் டின்னில் செல்லோ (வயலின் வகையில் பெரிய கருவி) செய்தார். தந்தியை இறுக்கும் அதன் முடுக்காணிகளில் ஒன்று, இறைச்சியை அடித்து மென்மையாக்கும் பழைய சமையல் கருவி! வயலினில் தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருப்பது சாப்பிடும் முள்கரண்டி.

பிள்ளைகளின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் "யாரும் சொல்லித்தராமல்" என்ற வரியை அந்தப் பதிவிலிருந்து தயவுசெய்து நீக்குங்கள். அதைப் படிப்பவர்கள் இசை வகுப்புக்கு ஆசிரியரே வேண்டாம், சம்பளமும் வேண்டாம் என்று நினைத்துவிடுவார்கள்.