சாரிக்குத் தமிழ் 'மன்னிக்கவும்' இல்லை

போன வாரம் நண்பர் ஒருவர் பதிவு போட்டிருந்தார். இனிமேல் யாரும் 'சாரி' சொல்லக் கூடாதாம், 'மன்னிக்கவும்' என்றுதான் சொல்ல வேண்டுமாம். தமிழ் வாழட்டும், எனக்கும் ஆசைதான். ஆனால் பஸ்ஸில் தெரியாமல் ஒருவர் காலை மிதித்துவிட்டு "மன்னிக்கவும்" என்று சொல்லிப் பாருங்கள். மிதிபட்டவர் வலியை மறந்து உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

இரண்டும் ஒன்றல்ல. இது எனக்கு உறைத்தது ஒரு மோசமான நேரத்தில்.

அப்பா இறந்து நான்கு நாள். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து போன். விஷயத்தைச் சொன்னேன். "ஐ ஆம் சோ சாரி" என்றார் அந்த அம்மா. என் ஆங்கிலம் அப்போது ஆபீஸ் வேலைக்கு மட்டுமே காணும். "இட்ஸ் ஓகே மேடம், உங்க மேல என்ன தப்பு இருக்கு" என்று ஆங்கிலத்தில் சொல்லி வைத்தேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. தனக்கு வருத்தமாக இருக்கிறது என்று சொன்னார், அவ்வளவுதான். பழைய ஆங்கிலத்தில் வலி, புண் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது இந்த 'சாரி'. தொண்டை கரகரத்தால் 'சோர் த்ரோட்' என்கிறோமே, அந்தச் 'சோர்' இதன் உடன்பிறப்பு. (துயரம் என்ற பொருளில் வரும் 'சாரோ'வும் இதே குடும்பம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை, அதன் வேர் வேறு.) ஆக 'ஐ ஆம் சாரி'யின் அடியில் கிடப்பது 'எனக்கு வலிக்கிறது'. ஒருவரைப் பார்த்து 'ஃபீல் சாரி' என்றால் நம் ஊர் 'ஐயோ பாவம்'. இடிந்து கிடக்கும் வீட்டை 'சாரி ஸ்டேட்' என்றால் பரிதாப நிலை. லண்டன்காரர் காதில் விழாமல் "சாரி?" என்று இழுத்தால் "என்ன சொன்னீங்க?" என்று அர்த்தம். இதில் எங்கே வருகிறது மன்னிப்பு?

தப்பை ஒப்புக்கொள்வதும் அதே சொல்லுக்குள் இருக்கிறது என்பதுதான் சிக்கல். வருத்தம் மட்டுமா, தப்பும் என்னுடையதா என்பதைச் சொல்பவர் மூடி வைத்துக்கொள்ளலாம். 2001 ஏப்ரல் 1ஆம் தேதி சீனாவின் ஹைனான் தீவுக்கு அருகே அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதிக்கொண்டன. சீன விமானி இறந்துபோனார். அமெரிக்க விமானம் அந்தத் தீவிலேயே இறங்க, அதிலிருந்த 24 பேரும் சீனாவிடம் மாட்டிக்கொண்டார்கள். மன்னிப்புக் கேள் என்றது சீனா, மாட்டேன் என்றது அமெரிக்கா. கடைசியில் 11ஆம் தேதி ஒரு கடிதம் போனது. விமானியை இழந்ததற்கு ஒரு 'வெரி சாரி', அனுமதி இல்லாமல் இறங்கியதற்கு இன்னொரு 'வெரி சாரி'. சீனா அதை மன்னிப்பு என்று தன் மக்களிடம் சொன்னது, அமெரிக்கா அது மன்னிப்பே இல்லை என்றது. 24 பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். வழவழாச் சொல்லுக்கும் ஒரு பயன் இருக்கத்தான் செய்கிறது.

ஆஸ்திரேலியாவில் கதை நேர் எதிர். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து அரசாங்கமே பிரித்துக்கொண்டு போன கொடுமைக்கு, பிரதமராக இருந்த ஜான் ஹோவர்ட் 1999இல் நாடாளுமன்றத்தில் 'ரிக்ரெட்' என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார். 'சாரி' வாயில் வரவில்லை. 2000 மே மாதம் சிட்னி துறைமுகப் பாலத்தில் லட்சக்கணக்கானவர்கள் நடந்தபோது, ஒரு விமானம் வானத்தில் புகையால் அந்த ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டுப் போனது. அதற்குப் பிறகும் 2008 பிப்ரவரி 13 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அடுத்த பிரதமர் கெவின் ரட் அதைச் சொல்ல. அந்தப் பூர்வகுடி மக்கள் பேசும் ஆங்கிலத்தில் சாவு, துக்கம் சார்ந்த சடங்குகளுக்கே 'சாரி பிசினஸ்' என்றுதான் பெயர். அவர்களுக்கு அந்தச் சொல் எவ்வளவு கனமானது என்று பாருங்கள். நாம் அதைப் பேனா கீழே விழுந்தால் சொல்கிறோம்.

'ரிக்ரெட்' தூரத்தில் நின்று கைகட்டிக்கொண்டு வருந்தும் சொல். ஜாலியன்வாலாபாக் படுகொலை பற்றி 2019இல் பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே சொன்னதும் அதுதான், நூறு வருடம் கழித்து. இன்று மன்னிப்பு என்ற பொருளில் வரும் 'அபாலஜி'யோ கிரேக்கத்தில் தற்காப்புப் பேச்சு. சாக்ரடீஸ் நீதிமன்றத்தில் நிகழ்த்தியதாக பிளேட்டோ எழுதிய 'அபாலஜி'யில் கிழவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை, வாதாடுகிறார்.

தமிழில் வருத்தமும் மன்னிப்பும் ஒட்டவே ஒட்டாது. 'வருந்துகிறேன்' என்றால் கதவு என் பக்கம். 'மன்னிச்சிருங்க' என்றால் சாவியை உங்கள் கையில் கொடுத்துவிட்டு வாசலில் நிற்கிறேன், திறப்பதும் திறக்காததும் உங்கள் இஷ்டம். தூர்தர்ஷன் காலத்துப் பிள்ளைகளுக்குத் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' ஞாபகம் இருக்கும். மன்னிக்கச் சொல்லி அவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை. போன மாதம் ஒரு வங்கி என் கணக்கில் ஒரே கட்டணத்தை இரண்டு தடவை பிடித்துவிட்டு 'சிரமத்திற்கு வருந்துகிறோம்' என்று குறுஞ்செய்தி அனுப்பியது. பணம் என்னுடையது, வருத்தம் மட்டும் அவர்களுடையது.

அதனால்தான் சொல்கிறேன், 'மன்னிக்கவும்' என்பதைச் சில்லறையாக மாற்றாதீர்கள். பேசாமல் இருந்த தம்பி வீட்டுக்குப் பத்து வருடம் கழித்துப் போகும்போது தேவைப்படும் சொல் அது. சின்ன விஷயங்களுக்கு நம்மிடம் வேறு இல்லையா என்ன? "தப்பா எடுத்துக்காதீங்க." "மனசுல வச்சுக்காதண்ணே." "கோவிச்சுக்காதக்கா." எல்லாமே எதிராளியின் மனசைத் தொட்டுப் பேசுபவை. சாவு வீட்டில் அதுவும் கிடையாது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, போயிட்டு வர்றேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து வருகிறோம். அந்த அம்மா போனில் இருந்தார், கையைப் பிடிக்க வழியில்லை, 'சாரி' என்றார்.

பஸ்ஸில் கால் பட்டதற்கு என்ன சொல்வது என்று நண்பர் கேட்கலாம். நேற்று மெட்ரோவில் ஒரு பையன், காதில் ஹெட்போன், முதுகில் பெரிய பை. திரும்பும்போது அவன் ஷூ என் மேல் பட்டுவிட்டது. "சாரிண்ணா" என்றான். சொல்லும்போதே அவன் கை என் முழங்கையைத் தொட்டு அவன் கண்ணுக்குப் போய் வந்தது. பாட்டை நிறுத்தக்கூட இல்லை.