ஒரு ராத்திரி வண்டியை எங்கவே நிப்பாட்ட?

கண்ணாடியில் டொக் டொக். மணி ஒன்று நாற்பது. டார்ச் வெளிச்சம் நேரே அம்மா முகத்தில் அடிக்கிறது. எழுபத்து நாலு வயசு மனுஷி, அப்போதுதான் கண் அசந்திருந்தாள். "வண்டிய எடுங்க சார், இங்கன நிப்பாட்டக் கூடாது." அந்த ராத்திரியில் அது மூணாவது டொக் டொக்.

போன ஆடியில் நடந்தது. இத்தனை மாசம் ஆகியும் எனக்கு ஆறவில்லை, அதனால் கொட்டிவிடுகிறேன்.

முதலில் வண்டி. பன்னிரண்டு சீட் வேன், பழசு. பின்சீட்டெல்லாம் கழற்றிவிட்டு ரெண்டு படுக்கை, சின்னதாக ஒரு சிங்க், ஒத்தை அடுப்பு, மூலையில் திரைக்குப் பின்னால் அடியில் தொட்டி வைத்த கமோடு. இதை ஆர்.சி. புக்கில் ஏற்ற நான் அலைந்த கதையைத் தனியாக எழுதணும். ஆடம்பரத்துக்கு ஒன்றும் செய்யவில்லை. அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் ஆபரேஷன் ஆனது, குத்தவைக்க முடியாது. வெளியூர் போகலாமா என்றால் அவள் கேட்கிற முதல் கேள்வி "அங்க உக்காருத கக்கூஸ் உண்டாடா?" இந்த வண்டி வந்த பிறகுதான் அந்தக் கேள்வி நின்றது.

நம்ம ஊரில் கேரவன் என்றாலே சினிமாக்காரங்க வண்டிதான். ஆலங்குளத்தில் டீ குடிக்க நிறுத்தினால் ரெண்டு பயலுக செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வாரானுக. "ஷூட்டிங்கா அண்ணாச்சி? உள்ள யாரு இருக்கா?" கதவைத் திறந்துகொண்டு அம்மா வெத்தலைச் செல்லத்தோடு இறங்கினாள். அவனுக முகத்தைப் பார்க்கணுமே.

பிழைப்பு எனக்குத் திருப்பூரில். சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. வீடு பாகப்பிரிவினையில் கைமாறி வருஷமாச்சு. அதனால் ஊர்ப்பக்கம் வந்தால் காலை நீட்ட எங்களுக்குச் சொந்தமாக ஒரு திண்ணை கிடையாது. ஆனாலும் வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்தே தீரணும். ஆடியில் குற்றாலம், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில். நெல்லைக்காரங்களுக்குச் சொல்ல வேண்டாம். அவனவன் குலசாமியான சாஸ்தா எங்கேயோ குளத்தங்கரையில், ஓடைக்கரையில், உடைமரக் காட்டுக்குள் உட்கார்ந்திருப்பார். பம்பாயில் இருந்தாலும் உத்திரத்துக்கு வந்து பொங்கலிடணும். அந்தக் கோயில் பக்கத்தில் லாட்ஜ் எங்கே இருக்கும்? வேன் வேனாகச் சனம் வந்து புளியமரத்தடியில் பாய் விரித்துக் கிடக்கும். பொம்பளைகள் இருட்டுகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள், ஒதுங்குவதற்கு. இது இன்னும் நடக்கிறது.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன். சாரல் நல்லா விழுந்துகொண்டிருந்தது. அருவிக்குப் போகிற வழியில் ஒரு பார்க்கிங். நூறு ரூபாய் சீட்டு. கிழித்துக் கொடுத்தவரிடம் தெளிவாகக் கேட்டேன்: "ராத்திரி வண்டிக்குள்ளயே படுத்துக்கிடலாமா?" "தாராளமா படுங்க." பத்து மணிக்கு வேற ஒருத்தர் வருகிறார். "நைட் ஹால்ட்டு கெடையாது, எடுங்க." சீட்டு கிழிச்சவர் படுக்கச் சொன்னாரே என்றேன். "அவரு ஷிப்டு முடிஞ்சு வீட்டுக்குப் போய்ட்டாரு." அவ்வளவுதான் பதில். நூறு ரூபாய்? அது அவரோடு வீட்டுக்குப் போயாச்சு.

"ரூம் போட வேண்டியதான அண்ணாச்சி, காசுக்கா பஞ்சம்?" என்று கேட்கிறவர்களுக்கு: கேட்டுப் பார்த்தேன். சீசன் ரேட்டாம், நாலாயிரத்து ஐந்நூறு. ரெண்டாவது மாடி, லிப்ட் இல்லை, கீழே குத்தவைக்கிற கக்கூஸ். இதற்கு நான் அம்மாவை முதுகில் சுமந்துகொண்டு போகணும்.

அடுத்தது ஒரு பெட்ரோல் பங்க். ரெண்டாயிரத்துக்கு டீசல் போட்டுவிட்டு, ஓரமாக விடிய நிறுத்திக்கொள்ளவா என்று கேட்டேன். பையன் தலையாட்டினான். பன்னிரண்டரைக்கு டேங்கர் லாரி வருகிறதாம், வழி மறைக்குதாம், எடுக்கணுமாம். சின்னவள் பாத்ரூம் என்று முழித்துக்கொண்டாள். வண்டித் தொட்டி நிறையப் போகிறதே, அங்கேயே போகட்டும் என்று பார்த்தால் பங்க் கழிப்பறையில் பூட்டு. சாவி மேனேஜர்கிட்ட. மேனேஜர் காலையில வருவார்.

கடைசியில் பைபாஸ் ஓரம். அங்கேதான் அந்த ஒன்று நாற்பது டொக் டொக். போலீஸ்காரர் நல்ல மனுஷன், குரலை உயர்த்தவில்லை. "சார், உள்ள பெரியவங்க இருக்காங்க, தெரியுது. லாரிக்காரன் தூக்கக் கலக்கத்துல வந்து பின்னால ஏத்திட்டான்னா நான்லா பதில் சொல்லணும்." அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ரோட்டோரம் நிற்கிற வண்டியின் பின்னால் மோதிச் செத்தவர்கள் செய்தி இல்லாத வாரம் உண்டா? நடுராத்திரியில் டிரைவர்களை மறித்து, முகம் கழுவ வைத்து, டீயும் கொடுத்து அனுப்புகிறதும் இதே போலீஸ்தான்.

"அப்ப எங்கதான் சார் நிப்பாட்ட?"

"அது எனக்குத் தெரியாது சார்."

இதுதான் எனக்கு வயிறு எரிகிற இடம். எங்கே நிறுத்தக் கூடாது என்று சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. போர்டு இருக்கிறது, சங்கிலி இருக்கிறது, விசில் இருக்கிறது. எங்கே நிறுத்தலாம் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. 2019 நவம்பரில் தென்காசி நெல்லையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாச்சு. கலெக்டர் ஆபீஸ் ரெண்டாச்சு, நாங்கள் கெஞ்ச வேண்டிய ஆபீசும் ரெண்டாச்சு.

நான் என்ன கேட்கிறேன்? நீச்சல் குளமா, ஏசி குடிலா? மழை பெய்தால் சகதியாகாத சமதரை ஒரு அரை ஏக்கர். ஒரு தண்ணிக் குழாய். ஒரு டியூப் லைட். உட்காருகிற மாதிரி ஒன்றும் குத்தவைக்கிற மாதிரி ஒன்றுமாகக் கழிப்பறை, உள்ளே தாழ்ப்பாள் வேலை செய்யணும். அப்புறம் அழுக்குத் தண்ணி ஊற்ற சாக்கடையில் சேர்கிற ஒரு குழி. ராத்திரிக்கு இருநூறு ரூபாய் வாங்கு, முந்நூறு வாங்கு. ரசீது கொடு. காலை பத்து மணிக்குக் கிளம்பு என்று சொல்லு, கிளம்பிடுதேன்.

அந்தக் குழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லணும், ஏன்னா வண்டி வைத்திருக்கிறவன் தவிர யாருக்கும் இது புரியாது. சிங்க்குக்குக் கீழே இருபது லிட்டர் கேன். காலையில் காபிச் சட்டி, ராத்திரி ரசத்துக் கிண்ணம், பல் விளக்கின தண்ணி எல்லாம் அதில். ரெண்டாம் நாள் மூடியைத் திறந்தால் புளித்த வாடை மூக்கைப் பிடுங்கும். கமோடின் அடித்தொட்டி வாடை அதையும் மிஞ்சும். சூட்கேஸ் மாதிரி இழுத்து எடுக்கலாம், மூடி இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் எங்கே கொண்டுபோய்க் கவிழ்க்க? முதல் தடவை வந்தபோது அதை வண்டியில் வைத்துக்கொண்டு அம்பாசமுத்திரம் வரை போய், சொந்தக்கார வீட்டுக் கதவைத் தட்டி, "மதினி, ஒரு உதவி" என்று பல்லைக் காட்டினேன். மதினி ஒன்றும் சொல்லவில்லை, பினாயில் பாட்டிலை எடுத்து நீட்டினாள். அந்த அவமானம் போதாதா?

ஆற்றில் ஊற்றிவிட்டுப் போகிறவனும் இருப்பான். நான் செய்ய மாட்டேன். தாமிரபரணியில் நீச்சல் படித்தவன். ஏற்கெனவே பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்தின துணியை ஆற்றோடு விட்டுப் போகிறான்கள். டன் கணக்கில் அள்ளிப் போட்டு மாளவில்லை. நீ இடம் கொடுக்காவிட்டால் வண்டி வராமல் இருக்காது. வரும், இருட்டில் நிற்கும், இருட்டிலேயே ஊற்றிவிட்டுப் போகும்.

காட்டுக்குள் இடம் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். களக்காடு முண்டந்துறை 1988-லிருந்து புலிகள் காப்பகம். சாயங்காலம் செக்போஸ்ட்டை மூடினால் மூடட்டும், ராத்திரி காடு அதுகளுக்குத்தான். ஆனால் காரையார் சொரிமுத்து அய்யனார் ஆடி அமாவாசைக்கு மலைக்குக் கீழே அத்தனை வண்டிக்கும் அத்தனை சனத்துக்கும் மைதானம் ஒழுங்கு பண்ண முடிகிறது, தண்ணி லாரி நிறுத்த முடிகிறது, தற்காலிகக் கழிப்பறை வைக்க முடிகிறது. மிச்ச நாளெல்லாம் அந்த மாதிரி மைதானங்களில் மாடு மேய்கிறது. ஒரு மூலையில் பத்து வண்டிக்குக் குழாயும் குழியும் போட்டால் மாடு கோவிச்சுக்கிடுமா?

இங்கிலாந்தில் இருக்கிற அத்தை மகனிடம் புலம்பினேன். அவன் லீவுக்கு மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்துச் சுற்றுகிறவன். சிரித்தான். அங்கேயும் கடற்கரைக் கார் பார்க்கில் 'ராத்திரி தங்கக் கூடாது' போர்டாம். வாசலில் உயரத் தடைக் கம்பி வேற, வேன் உள்ளே நுழையவே முடியாது. ஆனால் கடலைத் தாண்டிப் பிரான்சுக்குப் போனால் சின்னக் கிராம ஊராட்சிகூட இடம் போட்டு வைத்திருக்கும், 'ஏர்' என்று பெயர். தரை, குழாய், அழுக்குத் தண்ணி ஊற்றத் தரையிலேயே ஒரு சல்லடை. அவ்வளவுதான். சில ஊரில் காசே கிடையாது, சில ஊரில் பத்துப் பன்னிரண்டு யூரோ. ஊராட்சிக்காரன் ஒன்றும் தர்மவான் இல்லை. காலையில் அத்தனை பேரும் அந்த ஊர் பேக்கரியில்தான் ரொட்டி வாங்குவார்கள் என்ற கணக்கு அவனுக்குத் தெரியும். இங்கேயும் அதே கணக்குதானே? செங்கோட்டைக்குப் பக்கத்துப் பிரானூர் பார்டரில் பத்து வண்டி ராத்திரி நின்றால் புரோட்டாக் கடைக்கு எத்தனை கோழி கூடுதலாகப் போகும்?

புளியரை வளைவெல்லாம் ஏறிக் கோட்டைவாசலைத் தாண்டினால் கேரளா. அவர்கள் 2021-லேயே கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கை போட்டார்கள், வாகமண்ணில் பார்க் திறந்தார்கள். அது பணக்கார விளையாட்டு, எனக்கு ஒத்துவராது. ஆனால் வண்டியில் படுக்கிறவனும் மனுஷன்தான் என்று காகிதத்திலாவது எழுதினார்கள்.

பிரான்சுக்கும் கேரளாவுக்கும் ஏன் போகணும்? வழிப்போக்கனைப் படுக்க வைத்த சீமைவே இது. 1689-லிருந்து 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் ரோடு போட்டாள், மரம் வைத்தாள், சத்திரம் கட்டினாள். தெற்கே வருகிற அந்தப் பழைய ரோட்டை இன்றைக்கும் மங்கம்மாள் சாலை என்றுதான் சொல்கிறோம். நெல்லை பக்கத்தில் சத்திரம் புதுக்குளம் என்று ஊரே இருக்கிறது. சுமை இறக்கக் கல் நட்டு வைத்தார்கள், படித்துறைக்குப் படித்துறை கல்மண்டபம் வைத்தார்கள். 1843-ல் நெல்லையில் தாமிரபரணியைக் கடக்கச் சனம் படுகிற பாட்டைப் பார்த்து சுலோச்சன முதலியார் கைக்காசைப் போட்டுப் பாலமே கட்டினார். அந்த ஊரில் எனக்குக் குழாய் இல்லை என்கிறான்.

"இடம் விட்டா குடிகாரப் பயலுக வந்து பாட்டில் உடைப்பான் சார்" என்று ஒரு நியாயம் சொல்வார்கள். உடைக்கத்தான் செய்கிறான், இல்லை என்கவில்லை. அருவிக்கரையில் என் மகள் காலில் குத்தின கண்ணாடித் துண்டை நான்தான் பிடுங்கினேன். அவன் இப்போதும் விளக்கில்லாத இடமாகப் பார்த்துத்தானே போய் உடைக்கிறான்? விளக்கைப் போட்டு, பேரேட்டில் வண்டி நம்பர் எழுதி, ஒரு காவலாளியை உட்கார வைத்தால் அவன் ஏன் அங்கே வரப் போகிறான்?

அந்த ராத்திரி எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். தூக்கம் கெட்ட கண்ணோடு தென்காசி ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு ஊருக்குள் விட்டேன். மூணு மணி. ஒரு டீக்கடையில் பால் சட்டியை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார் ஒரு அக்கா. நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னால் அம்மாவைப் பார்த்துவிட்டார். "அந்தா வேப்பமரத்தடியில போட்டுக்கிடுங்க தம்பி. குழாய் பின்னால இருக்கு. ஆச்சிக்கு வேணும்னா எங்க வீட்டு பாத்ரூம்ல உக்காருத மாதிரிதான் இருக்கு, எங்க மாமியாருக்குப் போட்டது." ஏழு மணி வரைக்கும் தூங்கினோம். ஒரு சன்னமான டொக் டொக் கேட்டது. பதறி எழுந்தால் நாலு டம்ளர் டீ.

காசு கொடுத்ததற்கு டீக்கு மட்டும்தான் வாங்கினார். வருகிற ஆடிக்கும் நேரே அங்கேதான். ஊர் பேரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த சனிக்கிழமை பத்து வண்டி போய் நிற்கும், அதற்கு அடுத்த சனிக்கிழமை வேப்பமரத்தில் போர்டு தொங்கும்.