முட்டி பெல்ட்டை எப்போது கழற்றுவது?

முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் முடிந்தவரைப் பார்க்க வரும் சொந்தபந்தம் முதலில் கேட்பது, "பெல்ட்டைக் கழற்றாம போட்டிருக்கியாப்பா?" பிசியோதெரபிஸ்ட்டாக நான் கேட்பது வேறு: எப்போது கழற்றச் சொன்னார்கள்? பெரும்பாலும் பதில் இருக்காது. டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரை எத்தனை நாள் என்று இருக்கும், தையல் பிரிக்கும் தேதி இருக்கும். பெல்ட்டுக்கு மட்டும் 'தொடரவும்'.

மற்ற ஜவ்வெல்லாம் நன்றாக இருந்து, ஏசிஎல் மட்டும் புதிதாக வைத்தவருக்கு மாதக்கணக்கில் பெல்ட் தேவையில்லை என்பது என் கருத்து. என் சொந்தச் சரக்கு அல்ல இது. அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர்களின் அகாடமி 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இப்படிப்பட்டவர்களுக்கு ஃபங்ஷனல் பிரேஸை, அதாவது நடமாடும்போது போடும் கீல் வைத்த பெல்ட்டை, வழக்கமாகக் கொடுக்கச் சொல்லவில்லை. அதனால் பலன் இல்லை என்கிறது.

முதல் சில நாள் கதை தனி. ஆபரேஷனுக்குப் போட்ட மரப்பு ஊசியாலும் வீக்கத்தாலும் தொடையின் முன்தசை வேலை செய்யாது. எழுந்து நின்றால் முட்டி சட்டென்று மடங்கிவிடும். அதற்குத்தான் தொடையிலிருந்து கெண்டைக்கால்வரை நீளும் லாங் பிரேஸ். படுத்தபடி முட்டி தொய்யாமல் காலை நேராகத் தூக்க முடிகிறது என்றால், பெல்ட்டைக் குறைப்பது பற்றி டாக்டரிடம் பேச நேரம் வந்துவிட்டது.

முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸையும் சேர்த்துத் தைத்திருந்தால் நானே மாற்றிப் பேசுவேன். நான்கு முதல் ஆறு வாரம்வரை 90 டிகிரிக்கு மேல் மடக்காதே என்பார்கள். முட்டி மடங்கும் அளவைக் கட்டுப்படுத்த டயல் வைத்த பிரேஸ் அங்கே உண்மையான வேலை செய்கிறது. பிசிஎல், எம்சிஎல் என்ற மற்ற முட்டி ஜவ்வுகள் சேர்ந்து போனாலும் அப்படித்தான். ரிஷப் பந்த் 2022 டிசம்பர் 30 அன்று கார் விபத்தில் சிக்கினார், லிகமெண்டுகள், அதாவது ஜவ்வுகள், கிழிந்து ஆபரேஷன் ஆனது, ஐபிஎல் மைதானத்துக்கு 2024 மார்ச்சில்தான் திரும்பினார். அவரைப் பார்த்து அதே மாதிரி பிரேஸ் கேட்டு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: கபடியில் ஏசிஎல் மட்டும் போன உங்கள் முட்டியும் அவர் முட்டியும் ஒன்றல்ல.

பெல்ட் போடுகிற விதமும் பாதிப் பேருக்குத் தப்பு. பக்கவாட்டுக் கீல் முட்டியின் நடுவுக்கு நேராக நிற்க வேண்டும். தொடை இளைக்க இளைக்க பிரேஸ் வழுக்கிக் கெண்டைக்காலுக்கு வந்துவிடும். அப்புறம் அது அலங்காரம்தான். வழுக்குகிறதே என்று இறுக்கினால் வேறு வினை. முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் எலும்பு ஓரமாக ஒரு நரம்பு ஓடுகிறது. பட்டை அதை அழுத்தினால் பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போகும், பாதத்தைத் தூக்கவும் சிரமமாகும். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் 'பெல்ட் இறுக்கம்' என்று விட்டுவிடாதீர்கள், ரத்தக்கட்டாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இன்னொன்று, வீட்டில் பாசத்தில் நடப்பது. முட்டிக்கு அடியில் தலையணை வைத்துவிடுவார்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கால் முழுசாக நீளாமல் நின்றுவிடும். அப்படி நின்றுபோன காலோடு நொண்டிக்கொண்டு வருகிறவர்களை நேராக்கப் படும் பாடு எங்களுக்குத்தான் தெரியும். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டி தானாக இறங்கட்டும்.

இதையெல்லாம்விட எனக்கு ஆதங்கம் காசு விஷயத்தில். பல ஆயிரம் கொடுத்து பிரேஸ் வாங்கியவர், "அதான் பெல்ட் இருக்கே" என்று பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிடுகிறார். தொடைப் பின்தசையின் நாரை எடுத்து உள்ளே வைத்திருக்கிறார்கள். அது லிகமெண்டாக மாற மாதக்கணக்கு ஆகும், நடுவில் ஆறு முதல் பன்னிரண்டு வாரம்வரை அது பலவீனமாகக் கிடக்கும். வலி குறைந்து, "பைக் எடுக்கலாமா சார்?" என்று கேட்பதும் அந்தச் சமயத்தில்தான்! பிரேஸ் சின்னச் சின்ன இழுப்பைத் தாங்கும். ரெய்டு போய் ஒற்றைக் காலில் திரும்பும்போது வரும் விசையை அது பிடிக்காது. பிடிக்க வேண்டியது தொடைத் தசை.

நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒன்பது மாதம்வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் 51 சதவீதம் குறைந்திருந்தது. ஆடப் போவதற்கு முன் முன்தொடையின் பலம் நல்ல காலோடு ஒப்பிட்டால் 90 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது நாங்கள் பார்க்கும் கணக்கு.

ஆடியில் ஆபரேஷன் செய்துகொண்டு, "பொங்கல் மேட்ச்ல பிரேஸ் போட்டுத்தான் இறங்குவேன் அண்ணே" என்கிறவர்கள் வருஷா வருஷம் வருகிறார்கள். ஆறு மாதம்தான் ஆகியிருக்கும். பொங்கலுக்கு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஸ்கோர் எழுதட்டும். சித்திரைத் திருவிழா ஆட்டத்துக்கு வேண்டுமானால், பெல்ட் இல்லாமல் ஒற்றைக் காலில் தாவிக் காட்டிய பிறகு பேசலாம்.