சந்தனப் பூ போட்டதும் கிளம்பிவிடாதீர்கள்

தாய்லாந்தில் பெரிய பிக்கு ஒருவரின் தகனத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எழுதுவது பெரும்பாலும் ஒன்றுதான்: "எல்லாம் அநித்தியம் என்று போதித்தவருக்கு இத்தனை ஆடம்பரமா?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கேட்பவர்களில் பாதிப்பேர் தகனத்தைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

மாலையில் நடப்பது மரியாதை மட்டும். மரச்சீவலிலோ காகிதத்திலோ செய்த சின்ன சந்தனப் பூவை ஆளுக்கொன்று தருவார்கள். வரிசையில் படியேறி, பெட்டிக்குக் கீழே வைத்துக் கும்பிட்டு, மறுபக்கம் இறங்கிவிட வேண்டும். சுற்றுலா வேன்கள் அதோடு கிளம்பிவிடும். பெரிய சாவுகளில் நிஜத் தீ வைப்பது அனேகமாக இரவில்தான்.

பூ வைக்கும் வரிசைக்கு முன்பே, பெட்டியைத் தகனமேடையைச் சுற்றி மூன்று முறை அப்பிரதட்சிணமாகக் கொண்டுவருவார்கள். பிறகு காவி வஸ்திரங்களை வைப்பார்கள். மூத்த பிக்குகள் ஒவ்வொருவராக வந்து, ஓதி, எடுத்துக்கொள்வார்கள். போட்டோ எடுப்பதென்றால் இதைத்தான் எடுக்க வேண்டும், ஓரமாக நின்று, அனுமதி கேட்டுக்கொண்டு.

வடக்கிலும், ஈசான் எனப்படும் வடகிழக்கிலும் மதிப்புமிக்க பிக்குவுக்கு ஹத்சதிலிங் கட்டுவார்கள்: பறவை உடம்பு, யானைத் தலை, முதுகில் கூர்கோபுரம், அதற்குள் பெட்டி. மூங்கில் சட்டம், மேலே காகிதம், ஜிகினா. வடக்கில் இதைச் சறுக்குக்கட்டையில் ஏற்றி, தேர் வடம் பிடிப்பதுபோல் ஊரே சேர்ந்து இழுத்துப் போகும். உடலை மாதக்கணக்கில், சில சமயம் வருடத்துக்கும் மேல் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கோபுரம் கட்ட நாள் பிடிக்கும், நன்கொடை சேர வேண்டும், மழை விட வேண்டும். நனைந்த காகிதத்தை வைத்து என்ன செய்வது?

காகிதமும் மூங்கிலும் சீக்கிரமே எரிந்து சரிந்துவிடும். உடல் எரிய அது போதாது. அடியில் கனமான விறகு வேண்டும். எரியும் துண்டுகள் காற்றில் பறக்கும், வாணமும் சேர்ந்துகொள்ளும். அதனால் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று பார்த்து, அந்தப் பக்கமாகத் தள்ளி நில்லுங்கள்.

ஆடம்பரக் கேள்விக்கு வருவோம். நாக்கோன் ராட்சசிமா மாகாணத்து வாட் பான் ராய் கோயிலின் லுவாங் போர் கூன், தாயத்துக்காகவே நாடு முழுக்கப் பேர் பெற்றவர். 2015 மே 16 அன்று காலமானார். உடலை 24 மணி நேரத்துக்குள் கோன் கேன் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவிடம் ஒப்படைக்க வேண்டும், சடங்கு எளிமையாக இருக்க வேண்டும், அரச மரியாதை கேட்கக் கூடாது, சாம்பலை நோங் காயில் மேகோங் ஆற்றில் விட வேண்டும் என்று உயிலே எழுதிவைத்திருந்தார். மருத்துவ மாணவர்கள் அந்த உடலை வைத்துப் படித்து முடித்தபின் 2019 ஜனவரி 29 அன்று கோன் கேனில் தகனம். எதில் வைத்து எரித்தார்கள்? ஒரு பிரம்மாண்ட ஹத்சதிலிங்கில்!

அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனசில்லை. பறவை ஜனங்களுடையது, எரிவதற்கென்றே கட்டியது, எரிந்தும் போனது. உடலும் சாம்பலும் அவர் சொன்னபடியே போய்ச் சேர்ந்தன. எலும்பைத் தாதுவாக, அதாவது புனித எச்சமாக, கும்பிடுகிற நாட்டில், தன் பெயரில் ஒரு சாம்பல் வியாபாரம் கிளம்பாமல் முன்கூட்டியே அடைத்துவிட்டுப் போனார் என்றே நான் நினைக்கிறேன். நான் சந்தேகப்படுவது வேறு இடத்தில்: கோபுரம் தயார், மழையும் விட்டது, உண்டியல் மட்டும் இன்னும் திறந்திருக்கிறது, தேதி தள்ளிக்கொண்டே போகிறது என்றால், அங்கே காரணம் கேட்கலாம்.

போகிறவர்களுக்கு: கறுப்போ வெள்ளையோ உடுத்துங்கள், தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். உட்காரும்போது பாதம் பெட்டிப் பக்கமோ பிக்குகள் பக்கமோ நீளக் கூடாது. பெண்கள் பிக்குவின் கையில் நேரடியாக எதையும் கொடுக்க வேண்டாம். பணம் கொடுப்பதானால் உறையில் போட்டு வாசலிலுள்ள மேசையில் கொடுத்தால் போதும்.